வேற்றுலகக் கதைகளில் எதை வாசிக்கலாம்? சபையாரிடம் ஒரு விண்ணப்பம்



வாரந்தோறும் இப்பக்கத்தில் நான் ஏதேனும் ஒன்றைச் சொல்லுவதும், நீங்கள் பொறுமையோடு வாசிப்பதும் வழக்கம். இவ்வாரம் நான் கேட்கிறவன், நீங்கள் சொல்லுகிறவர்கள். நீங்கள் வாசித்த அறிவியல் புனைகதைகளிலும் மாயாஜாலக் கதைகளிலும் எந்த நூலை, "இதைக் கட்டாயம் படியுங்கள்" என்று இன்னொருவர் கையில் மனமுவந்து கொடுப்பீர்கள்? அதை எனக்குச் சொல்லுங்கள்.

நம் ஆலயத்து நூலக அலமாரியில் வேதாகம விளக்கவுரைகள் இருக்கின்றன. மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. பழைய பாமாலைப் பிரதிகளும் ஓய்வுநாள் பள்ளிப் பாடநூல்களும் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கி அடுக்கி, கீழிருந்து இரண்டாவது தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கும் கை எட்டுகிற தட்டு அது. விண்வெளியையும் வருங்காலத்தையும் இல்லாத தேசங்களையும் பேசுகிற கதைகள் அதில் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பதை விளக்கிவிட்டு, எப்படிப்பட்ட நூல்கள் வேண்டும் என்பதையும் சொல்லுகிறேன்.

போதகர் ஒருவர் இதைக் கேட்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்த மண்ணுக்கு இது புதுமையே அன்று. பெருந்துறையிலிருந்து கோவைச் சாலையில் மேற்கே சென்றால் விஜயமங்கலம். அங்குள்ள பழமையான சமணர் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெருங்கதை என்னும் காப்பியத்தை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தக் காப்பியத்தின் மூலக்கதை, குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதை. முதலும் முடிவும் சிதைந்துபோன நிலையில் கிடைத்த ஏடுகளை உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டு அச்சேற்றினார்.

அந்த உதயணன் கதையில் என்ன வருகிறது தெரியுமா? யானைகளை யாழிசையால் வசப்படுத்துகிற அரசனைப் பிடிப்பதற்காகப் பகையரசன் ஓர் இயந்திர யானையைச் செய்விக்கிறான். உள்ளே வீரர்கள் மறைந்திருக்கிறார்கள். உதயணன் அதை மெய்யான யானை என்று நம்பி நெருங்கிச் சிறைப்படுகிறான். பின்னர், கருவுற்ற வாசவதத்தைக்கு வானத்தில் பறந்து உலகைக் காண வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசை வானூர்தியால் நிறைவேறுகிறது. சமணப் புலவராகிய திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும், நிறைமாதக் கருவோடு அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனைப் பெறுகிறாள். இன்று நாம் ரோபோ என்றும் விமானம் என்றும் சொல்லுகிறவற்றை நம் பக்கத்து ஊர்ப் புலவரின் செய்யுள் அன்றே எண்ணிப் பார்த்துவிட்டது. அவற்றை வைத்து அவர்கள் எழுப்பிய கேள்விகளும் சிறியவை அல்ல. ஒரு பொறியை மெய்யென்று நம்புகிறவனுக்கு என்ன நேரும்? தப்பிக்க ஒரே ஒரு பறக்கும் பொறி இருந்தால் அதில் யாரை ஏற்றி அனுப்ப வேண்டும்?

நம் திருச்சபையின் மரபிலும் இத்தகைய கதைகள் நெடுநாளாக உண்டு. உங்கள் பாட்டிமார் மாலை ஜெபத்துக்குப் பின் எடுத்து வாசித்த மோட்சப் பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். ஜான் பனியன் என்னும் பிரசங்கியார் பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். அவருடைய நூல் 1678இல் வெளிவந்தது. அதில் அவநம்பிக்கைச் சேறு வருகிறது. பயணிகளைச் சந்தேகக் கோட்டையில் அடைத்து வைக்கும் அரக்கன் வருகிறான். செதிள் மூடிய உடலோடு வழிமறிக்கும் பகைவன் வருகிறான். அரக்கனும் கோட்டையும் உள்ள கதையை நம் முன்னோர் பக்திநூலாகவே வாசித்தார்கள். அந்தக் கதையைத் தழுவித்தான் ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அவருடைய காப்பியம் 1894இல் நூலாயிற்று. கம்பனைக் கற்ற ஒரு தமிழர், ஆங்கிலச் சிறைக்கைதி ஒருவரின் கற்பனையை எடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் தமிழாக்கித் தந்தார். இல்லாத ஊர்களின் வழியாக உள்ள வாழ்க்கையைக் காட்ட முடியும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். நம் சபைப் பெண்கள் இதை அறிந்து மகிழ்வார்கள். கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1901இல் சென்னையில் பெண்களுக்காக ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இந்தியன் லேடீஸ் மேகசீன் என்பது அதன் பெயர். வங்காளத்து இஸ்லாமியப் பெண்மணியாகிய பேகம் ரொக்கையா எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் கதை 1905இல் அவ்விதழில் வெளிவந்தது. அக்கதையில் பெண்கள் ஆளும் நாடு ஒன்று இருக்கிறது. அவர்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கிறார்கள். மேகத்திலிருந்து குழாய் வழியாக நீரை இறக்குகிறார்கள். காற்றில் பறக்கும் ஊர்தியில் செல்லுகிறார்கள். ஆண்களோ வீட்டுக்குள் அடைந்து சமையலைக் கவனிக்கிறார்கள்! பெண்கள் திரைக்குள் வாழ்ந்த காலத்தில், ஒரு இஸ்லாமியச் சகோதரி கண்ட கனவை ஒரு கிறிஸ்தவச் சகோதரி அச்சிட்டு உலகுக்குக் கொடுத்தார். இந்திய அறிவியல் புனைகதையின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அப்படி நம் சென்னையில் அச்சேறியது.

இனி, உங்களில் சிலர் உள்ளத்தில் இருக்கும் தயக்கத்துக்கு வருகிறேன். அது நியாயமான தயக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. "மந்திரமும் சூனியமும் வருகிற கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று மூப்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். குறி கேட்பதையும் சூனியம் செய்வதையும் உபாகமம் 18ஆம் அதிகாரம் கண்டிப்பாய் விலக்குகிறது. எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தார்கள் என்றும், அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் குறிக்கிறது. இவ்விரண்டு இடங்களையும் நான் மறைக்கவில்லை. ஆனால் எபேசில் எரிந்தவை கதைப்புத்தகங்கள் அல்ல. பிறர்மேல் அதிகாரம் செலுத்தவும் பிழைப்பு நடத்தவும் வைத்திருந்த செய்முறை நூல்கள் அவை. விலை கணக்கிட்டுச் சொல்லப்பட்டதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

கதை என்பதையே வேதம் விலக்கியிருந்தால் யோதாம் கெரிசீம் மலையின் உச்சியில் நின்று பேசியிருக்க முடியாது. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மரங்கள் கூடி ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்துவிட, முட்செடி ஒப்புக்கொள்ளுகிறது. மரம் பேசுமா என்று சீகேமிலே ஒருவரும் கேட்கவில்லை. அபிமெலேக்கைப் பற்றிய பேச்சு என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. நாத்தான் தாவீதினிடத்தில் போய் நேரே குற்றஞ்சாட்டாமல் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அரசன் கதைக்குக் கோபப்பட்ட பின்புதான் தன்னைக் கண்டான். எசேக்கியேலின் சக்கரங்களும் உலர்ந்த எலும்புகளும், தானியேலின் மிருகங்களும், வெளிப்படுத்தின விசேஷத்தின் வலுசர்ப்பமும் நமக்குப் பழகிப்போனதால் அவற்றின் விந்தையை நாம் மறந்துவிட்டோம். முதல்முறை கேட்கிற பிள்ளையின் கண்களைப் பார்த்தால் அது மீண்டும் நினைவுக்கு வரும்.

ஆகவே மந்திரம் வருகிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அந்தக் கதை அதிகாரத்தை எப்படி நடத்துகிறது என்றும் கேட்க வேண்டும். டோல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலில், எல்லாரையும் ஆளத்தக்க ஒரு மோதிரம் எளியவன் ஒருவன் கையில் சிக்குகிறது. அதை நன்மைக்குப் பயன்படுத்தலாமே என்று நல்லவர்களும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கதையின் பயணம் முழுவதும் அந்த மோதிரத்தை அழிப்பதற்கான பயணம். அதிகாரத்தை விட்டுவிடக் கற்பிக்கிற மாயக்கதை அது. அதற்கு மாறாக, மாயம் ஒன்றும் இல்லாத நவீன நாவலும், பேராசையை வெற்றி என்று புகழுமானால், பிள்ளையின் மனத்துக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடும்.

இக்கதைகள் வாழ்க்கையை விட்டு ஓடுவதற்கு வழி காட்டுகின்றன என்று குறை சொல்லுகிறவர்களும் உண்டு. 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் டோல்கீன் இதற்கு விடை சொன்னார். சிறையில் இருப்பவன் வீட்டை நினைப்பதைப் போர்க்களத்தை விட்டு ஓடுகிறவனின் செயலோடு குழப்பக்கூடாது என்பது அவர் கருத்து. இதைச் சொன்னவர் போரை அறியாதவர் அல்லர். 1916இல் சோம் போர்முனையில் நின்றவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர்.

ஓடுவதற்காக அல்லாமல் நிற்பதற்காகக் கதை தேவைப்படுகிற ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயரும் இடமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதுப் பையன். தாயை இழந்து, அம்மாயி வீட்டில் வளருகிறான். அடக்க ஆராதனைக்குப் பின் ஏறக்குறைய மூன்று மாதம் அவன் யாரிடமும் தன் தாயைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வுநாள் பள்ளிக்கு வருவான். கேட்ட கேள்விக்குத் தலையசைப்பான். ஒருநாள் அந்த அம்மாயி கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க ஐயா, பையன் எந்நேரமும் இதையேதான் வெச்சுட்டு ஒக்காந்திருக்கறானுங்க. இதுல மந்திரவாதியெல்லாம் வருதாமுங்க. படிக்க உடலாமுங்களா?" என்று கேட்டார். மகளைப் பறிகொடுத்த தாய் அவர். பேரனையும் ஏதோ ஒன்று கொண்டுபோய்விடுமோ என்ற அச்சம் அவர் குரலில் இருந்தது.

அது ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல், பி. எஸ். வி. குமாரசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பு. இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கி வாசித்தேன். ஓர் அத்தியாயத்தின் தாள்கள் மட்டும் விரல்பட்டு அழுக்கேறி இருந்தன. பெற்றோரை இழந்த சிறுவன் இரவில் ஒரு பழைய கண்ணாடியின் முன் நிற்கிறான். உள்ளம் எதற்காக மிகவும் ஏங்குகிறதோ அதைக் காட்டும் கண்ணாடி அது. இறந்துபோன தாயும் தந்தையும் அவன் பின்னால் நின்று புன்னகை செய்கிறார்கள். அவன் மறுநாளும் வருகிறான். அதற்கு மறுநாளும் வருகிறான். கடைசியில் முதிய ஆசிரியர் அவன் அருகே அமர்ந்து, அந்தக் கண்ணாடி உண்மையையும் தராது, அறிவையும் தராது என்றும், அதன் முன்னே நின்று வாழ்நாளைத் தொலைத்தவர்கள் உண்டு என்றும் மெல்லச் சொல்லுகிறார். சிறுவனை அவர் திட்டவில்லை. கண்ணாடியை அங்கிருந்து வேறிடத்துக்கு அகற்றிவிடுகிறார்.

அம்மாயியிடம், "படிக்கட்டும் அம்மா, படித்துவிட்டு எனக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றேன். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கண்ணாடி வந்ததும் நின்றான். பிறகு, "அவனுக்காச்சு கண்ணாடி கெடச்சுதுங்க ஐயா. எனக்கு போட்டோ மட்டுந்தானுங்க இருக்குது" என்றான். அதற்குப் பின் அவன் தன் தாயைப் பற்றிப் பேசினான். இருட்டும் வரை பேசினான். நான் அவன் அருகில் இருந்தேன், அவ்வளவே. மூன்று மாதம் ஆறுதல் வசனங்களாலும் திறக்காத வாயை ஒரு கதை திறந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வசனம் தோற்றது என்று அதற்குப் பொருளல்ல. கேட்கிறவனின் நெஞ்சில் முதலில் பேச்சு பிறக்க வேண்டும். பிறகுதான் வசனத்துக்கு அங்கே இடம் உண்டாகும்.

புறப்படும்போது அவன் கேட்டான்: "இந்த மாதிரி வேற பொஸ்தகம் இருக்குதுங்களா?" நம் அலமாரியில் இல்லை. அந்தக் கேள்வியையே இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் அறிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் அதற்கு அப்பால் சொல்ல முடியும். என் தலைமுறையினர் அம்புலிமாமாவில் வேதாளத்தைச் சுமந்து வளர்ந்தவர்கள். வாண்டுமாமாவின் கதைகளில் குகைக்குள் நுழைந்தவர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியை, சிவகாசியிலிருந்து வந்த தாள்மணம் மாறாமல், வரிசையில் நின்று கைமாற்றிப் படித்தவர்கள் இன்றும் நம் சபையில் தாத்தாக்களாய் அமர்ந்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும், நினைவிருக்கிறதல்லவா?

சுஜாதாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். அவருடைய என் இனிய இயந்திரா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் மனிதரின் பெயர் இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிடுகிறது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். முதுமையும் அரசின் கணக்கில் அடங்குகிறது. அந்த நாட்டில் அன்போடு நடந்துகொள்வது ஜீனோ என்னும் இயந்திர நாய். அவர் கற்பனை செய்த 2020களில் நாம் இப்போது வாழ்கிறோம். ஒருவர் எண்ணாகவும் அட்டையாகவும் மாறி, கைரேகை பதியாததால் ரேஷன் கடையில் நிற்கிற முதியவரைக் காணும்போது அந்த நாவலை நினைத்துக்கொள்ளுகிறேன். ஜெயமோகன் சிறுவர்களுக்காக எழுதிய பனிமனிதன் நாவலும், விசும்பு என்னும் அறிவியல் சிறுகதைத் தொகுப்பும் என்னிடம் உள்ளன. தட்டுக்கு நானே தருகிறேன். பிரெஞ்சு மூலத்திலிருந்து வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்த குட்டி இளவரசன் நூலையும் அவற்றோடு சேர்க்கிறேன். சிறு கோளிலிருந்து வந்து, ஒரு ரோஜாச் செடிக்காகத் திரும்பிப் போகிற பிள்ளையின் கதை அது.

ஆங்கிலத்தில் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையின் ஏழு நூல்களும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. அவற்றுள் 1955இல் வந்த மந்திரவாதியின் மருமகன் கதையில், தாய் சாகக்கிடக்க, ஒரு சிறுவன் உயிர்தரும் கனியைத் திருடலாமா என்று தவிக்கிறான். லூயிஸ் தம் தாயை ஒன்பது வயதில் இழந்தவர். கதையில் அந்தத் தாய் பிழைக்கிறாள். லூயிஸின் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து வாசித்தால் அது வேறொரு நூலாகிவிடும். ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451, 1953இல் வந்தது. புத்தகங்களை எரிக்கிற நாட்டில், ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமக்கிறவர்கள் காட்டோரம் வாழ்கிறார்கள். கதைநாயகன் சுமப்பது பிரசங்கியின் புத்தகம்! மனப்பாட வசனத்துக்கு முகம் சுளிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இவை எனக்குத் தெரிந்தவை. எனக்கு வேண்டியவை இனி.

முதலாவது, பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் தமிழிலேயே படிக்கத்தக்கவை. நம் பிள்ளைகளில் பலர் தமிழ்வழிப் பள்ளியில் பயிலுகிறார்கள். ஆங்கில நூலைக் காட்டினால் அவர்கள் மரியாதைக்கு வாங்கி, பையில் வைத்துத் திருப்பித் தருவார்கள். மொழிபெயர்ப்பு என்றால், வாய்விட்டு வாசிக்கத் தடையில்லாத மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, விண்வெளியைப் பேசுகிறவை. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை 2008இல் சந்திரயான்-1 திட்டத்தை நடத்தினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பிள்ளைகள் கைபேசியில் கண்கொட்டாமல் பார்த்தார்கள். "வேறு கோளில் உயிர் இருந்தால், அவர்களுக்கும் ஆண்டவர் ஒருவர்தானா?" என்று பொறியியல் மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். லூயிஸ் இக்கேள்வியை 1938இலேயே ஒரு நாவலாக்கியிருக்கிறார். அதில் செவ்வாயின் உயிர்கள் படைத்தவரை அறிந்திருக்கின்றன, பூமிதான் வானத்தோடு தொடர்பற்று மௌனமாகிவிட்ட கோள். இன்றைய வானியல் அறிவோடு எழுதப்பட்ட வேறு நூல் உண்டா?

மூன்றாவது, மண்ணையும் நீரையும் பேசுகிறவை. நொய்யலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னிமலைக்கு அப்பால், ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்காக அணை கட்டப்பட்டது. சாயக்கழிவு வந்து தேங்கியதால் அந்த நீரே வயலுக்குப் பகையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. விவசாயியும் அழுதார், பட்டறையில் கூலிவேலை செய்தவரும் அழுதார். இருவரும் நம் ஆலயத்தில் ஒரே வரிசையில் முழங்காற்படியிட்டதை நான் கண்டேன். ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் டியூன் நாவல் 1965இல் வந்தது. நீரே இல்லாத பாலைவனக் கோளில், இறந்தவருக்காகக் கண்ணீர் சிந்துவது அவருக்கு நீரைக் கொடையாகக் கொடுப்பதற்குச் சமம் என்று அம்மக்கள் கருதுகிறார்கள். அந்த இடத்தை வாசித்தபோது கீழ்ப்பவானி வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். இத்தகைய நூல் தமிழில் உண்டா? நம் ஆற்றை வைத்தே யாரேனும் எழுதியிருக்கிறார்களா?

நான்காவது, உழைப்பையும் இயந்திரத்தையும் பேசுகிறவை. தொழிற்பேட்டையிலும் நூற்பாலைகளிலும் ஷிப்டு முறையில் வேலை செய்கிறவர்கள் நம்மில் பலர். தறியின் இடத்தைத் தானியங்கித் தறி பிடித்ததைச் சென்னிமலை நெசவாளர் கண்ணால் கண்டவர்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் மகிழ்கிறார்கள், பெற்றோர் அஞ்சுகிறார்கள். இருவரும் சேர்ந்து வாசித்துப் பேசத்தக்க கதை வேண்டும்.

ஐந்தாவது, வாய்விட்டு வாசிக்கத்தக்க சிறுகதைகள். கண்பார்வை மங்கிய முதியோரை நாங்கள் சந்திக்கச் செல்லும்போது, வேதம் வாசித்து ஜெபித்த பிறகும் அவர்கள் எங்களை விடமாட்டார்கள். "ஒரு கதை சொல்லுங்க" என்பார்கள். இருபது நிமிடத்தில் முடிகிற, விந்தையும் சிரிப்பும் உள்ள கதைகள் இருந்தால் நம் வாலிபர்கள் வாசித்துக் காட்டுவார்கள்.

சில வேண்டுகோள்கள். நீங்கள் முழுவதும் வாசித்த நூலை மட்டும் சொல்லுங்கள். நல்ல நூலாம் என்று கேள்விப்பட்டதை வேண்டாம். அது கிறிஸ்தவ நூலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சமணரின் காப்பியத்தையும் இஸ்லாமியச் சகோதரியின் கனவையும் மேலே நான் சொன்னது அதற்காகவே. நூலின் பெயரோடு, அது உங்களுக்கு என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த வயதுக்கு ஏற்றது என்றும், பிள்ளைகள் பயப்படக்கூடிய இடம் உண்டா என்றும் குறிப்பிடுங்கள். தமிழில் கிடைக்கிறதா, எந்தப் பதிப்பகம் என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். பெரியவர்கள் மட்டும் பதில் சொல்லிவிடாதபடிக்கு, வீட்டுப் பிள்ளைகளையும் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே நம்மைவிட அதிகம் படித்திருக்கிறார்கள்.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடமோ நூலகப் பொறுப்பாளரிடமோ தாருங்கள். காணிக்கைப் பையில் போட்டாலும் சரி. எண்ணுகிறவர்கள் எடுத்துத் தருவார்கள். வரும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது, அப்பட்டியலோடு வாலிபர் சிலரை அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். நூல் வாங்க ஒதுக்கிய பணம் சிறியது; ஆகவே உங்கள் வீட்டு அலமாரியில் படித்து முடித்த பிரதி இருந்தால் இரவலாகவோ அன்பளிப்பாகவோ கொடுங்கள். உங்கள் பெயரை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பின்னொரு நாள் அதை எடுத்துப் படிக்கிற பிள்ளை, "இந்தத் தாத்தா ராக்கெட் கதையெல்லாம் படிச்சிருக்காரா!" என்று உங்களைப் புதிதாய்ப் பார்க்கட்டும்.

எழுதப்பட்ட யாவையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும் பகுத்தறிவையும், வியக்கத் தெரிந்த உள்ளத்தையும் ஆண்டவர் நம் வீடுகளுக்கு அருளுவாராக.

உங்கள் சீட்டுகளுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் போதகர்,
பெருந்துறை.